எல்லாத்துக்கும் ஒரே தோட்டா

வேட்டைக்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம். கூத்தனாறு மலையில் வீரணன் என்று ஒருவர் இருந்தார். மலையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாத்தியார் என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார்.

அவர் துப்பாக்கியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். மிளா மான் என்று நினைத்து அவர் சுட்டதில் அவருடைய அக்கா புருஷன் சன்னாசி செத்துப்போனார். பனிமூட்டத்தில் நடந்த விபத்து என்று கோர்ட்டு விட்டுவிட்டது. சன்னாசியின் பெண்டாட்டி காமுத்தாய் எங்கேயும் போகவில்லை. தம்பி வீட்டிலேயே இருந்தாள், அவனுக்குச் சோறு ஆக்கிப்போட்டாள். இரண்டு மாடும் நாற்பது ஆரஞ்சு மரமும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

வாத்தியாரிடம் படித்தவர்களில் ஒருவன் தனுஷ்கோடி. ஏலக்காய் எஸ்டேட்டில் காவல்காரன். வாத்தியாருக்கு மூன்று வயது மூத்தவன், பேத்தி எடுத்தவன். அந்த ஆளைப் போய் 'அவன்' என்று சொல்கிறேனே என்று கோபப்படாதீர்கள். கற்றுக்கொள்ள வந்து நின்றுவிட்டால் எல்லோரும் அவன்தான்.

ஒரு நாள் காலை அவன் வாத்தியார் வீட்டுக்கு வந்தான். சட்டைப்பையில் நாலாக மடித்த விண்ணப்பத் தாள் ஒன்று இருந்தது.

"வாத்தியாரே."

"வாங்கண்ணே. பரமன் எப்படி இருக்கான்?"

"கட்டு பிரிச்சாச்சு. எடது கண்ணு போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

வாத்தியார் பலகையைத் துடைத்துப் போட்டார். தனுஷ்கோடி உட்கார்ந்தான்.

பரமன் தனுஷ்கோடியின் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. இருவரும் சேர்ந்துதான் காவலுக்குப் போவார்கள். தனுஷ்கோடி சின்ன ரைஃபிளோடு முன்னால் நடப்பான். பரமன் பெரிய ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். மான், பன்றி என்றால் சின்னது. கரடி, காட்டுமாடு என்றால் தனுஷ்கோடியின் கை பின்னால் நீளும், பெரியது அந்தக் கைக்கு வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓடைப் புதரிலிருந்து ஒரு கரடி எழுந்தது. தனுஷ்கோடி கையில் அப்போது சின்னது. கையைப் பின்னால் நீட்டினான். பரமன் பெரியதைக் கொடுப்பதற்காக ஒரு எட்டு முன்னால் வைத்தான். அந்த ஒரு எட்டில்தான் கரடி அவன் முகத்தில் அறைந்தது.

"மேனேஜர் தொரை கூப்பிட்டுச் சொல்லிட்டாரு" என்றான் தனுஷ்கோடி. "ரெண்டு துப்பாக்கியையும் ஒப்படைச்சுரு, புதுசா ஒண்ணே ஒண்ணு வாங்கித் தாரேன், என்ன தோட்டான்னு நீயே எழுதிக் குடுன்னுட்டாரு. மத்தியானம் ஜீப்பு கீழ எறங்குது. அதுக்குள்ள எழுதணும்."

"சரி."

"மான்லருந்து காட்டுமாடு வரைக்கும் எது எதிர்ல வந்தாலும் பதில் சொல்றமாதிரி ஒரே ஒரு தோட்டா வேணும் வாத்தியாரே. இனிமே நான் பின்னாடி கைய நீட்டக்கூடாது. அந்த ஒரு எட்டு யாரும் எனக்காக வைக்கக்கூடாது. கண்ண மூடுனா அதுதான் வருது."

இதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கச் சளசளவென்று பேச ஆரம்பித்தான்.

"நாலு பேரைக் கேட்டேன், நாலு தோட்டா நம்பர் சொல்றாங்க. ஃபாரஸ்டர் ஒண்ணு சொல்றாரு. அது மானுக்கு நல்லது, காட்டுமாட்டு மேல பட்டா ஈ கடிச்ச மாதிரி திரும்பிப் பாக்கும். பக்கத்து எஸ்டேட்ல வேலை வாங்குற கண்டக்டர் ஒண்ணு சொல்றாரு. அதுல மானச் சுட்டா தோலும் கொம்பும்தான் மிஞ்சும், என் தோள்பட்டையும் மிஞ்சாது. ஜீப்பு டிரைவர் இருக்காரே, பொறந்ததுலருந்து துப்பாக்கியத் தொட்டதே கெடையாது. அவரும் சும்மா விடல, ஒரு நம்பர் சொல்றாரு!"

வாத்தியார் லேசாகச் சிரித்தார்.

காமுத்தாய் இரண்டு டம்ளரில் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

"ஏப்பா தனுஷ்கோடி, ஊர்ல பேச வேற பேச்சே கெடைக்கலயா ஒனக்கு? இவன்கிட்ட வந்து தோட்டாப் பேச்சு பேசுற."

"இல்லக்கா, அவசரம்…"

"என்ன அவசரம். ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடப்பான், நாந்தான பாக்கணும்." காப்பியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "கேட்டுக்க. இவனைப் பத்தி ஆரு என்ன பேசுனாலும் நான் சண்டைக்குப் போவேன். வேணும்னா செஞ்சான்? மிளான்னு நெனைச்சுட்டான். மூணடி தூரத்துல இருக்கிற ஆளு தெரியாத பனி. மனுசக் கண்ணுதான, ஏமாந்துபோச்சு. என் தலையில கை வச்சுச் சொன்னான். எனக்கு அது போதும்."

"அக்கா, மாடு கத்துது பாரு" என்றார் வாத்தியார்.

"கத்தட்டும். ஒன்னைய எப்பவும் வெரட்டத்தான் தெரியும் ஒனக்கு" என்று எதையோ மாற்றிச் சொல்லி, தானே சிரித்துக்கொண்டு, செம்பை எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் போனாள்.

வாத்தியார் டம்ளரைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. அப்படியே சொன்னார்.

"முந்நூத்தி எழுபத்தஞ்சு."

"என்ன வாத்தியாரே?"

"நீங்க கேட்ட தோட்டா. முந்நூத்தி எழுபத்தஞ்சு. எழுதிக்கங்க."

தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. எனக்கும்தான். இந்த மாதிரி விஷயங்களில் குரு என்றால் தண்ணீரைக் கொட்டிக் காட்டுவார், வானத்தைக் காட்டுவார், நாளைக்கு வா என்பார். இவர் மளிகைக் கடைக்காரர் மாதிரி கேட்டதை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இருநூறு கஜம் வரைக்கும் குறி மாறாது. மான் கறி செதறாது. காட்டுமாட்டுத் தோள் எலும்ப ஒடைச்சுட்டு உள்ள போகும். ஒங்க தோளுக்கும் தாங்கும். மழையில நனைஞ்சாலும் வெடிக்கும்."

"நீங்க வச்சிருந்தீங்களா?"

"நாலு வருசம்."

"என்னைக்காவது கைவிட்டுச்சா?"

"ஒரு நாளும் இல்ல."

தனுஷ்கோடி தாளைப் பிரித்துத் தொடை மேல் வைத்து நம்பரை எழுதினான். அழுத்தி எழுதினான். எழுதி முடித்ததும் முகம் தெளிந்துபோனது. இரண்டு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பெரிய பாரம் எறங்குச்சு வாத்தியாரே. பரமனுக்கும் ஒரு வழி பண்ணிட்டேன். இனிமே அவன் துப்பாக்கி தூக்க வேண்டாம். வெறுங்கையோட முன்னாடி போயித் தடம் பாக்கட்டும். தடம் பாக்க ஒத்தக் கண்ணு போதும்ல?"

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்திரிங்கண்ணே."

"எங்க?"

"தோப்புக்கு."

வேலியில் சாய்த்து வைத்திருந்த காப்பிச் செடிக் கம்புகளில் இரண்டை எடுத்தார். குட்டையானதைத் தனுஷ்கோடியிடம் கொடுத்தார். நீளமானதைத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஒங்ககிட்ட இருக்கிறது சின்னது. என்கிட்ட இருக்கிறது பெரிசு. நீங்க நடங்க, நான் பின்னாடி வாரேன்."

பேத்தி எடுத்த மனுஷன், கம்பைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே பதுங்கிப் பதுங்கி நடந்தான். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குக் கூச்சம். ஆனால் வாத்தியார் சொல்லிவிட்டார்.

பத்து எட்டு போயிருப்பார்கள். வலது பக்கம் சருகு சரசரத்தது. காதுக்குப் பின்னால் வாத்தியார் மெல்லக் கேட்டார்.

"என்னது?"

"கோழி."

"எதைக் குடுக்க?"

"ஒண்ணும் வேணாம்."

நடந்தார்கள். ஓடைக்கரையில் ஒரு செடி குலுங்கியது.

"என்னது?"

"தெரியலயே."

"தெரியலன்னா நான் எதைக் குடுக்க?"

தனுஷ்கோடி நின்றான். வாத்தியாரும் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈ வந்து உட்கார்ந்தது. அசையாமல் நின்றார்கள். கடைசியில் ஒரு கீரி வெளியே வந்து, இரண்டு பெரிய மனுஷர்கள் கம்போடு நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடியது.

"கீரி" என்றான் தனுஷ்கோடி.

"போகட்டும்."

வாத்தியார் தன் கையிலிருந்த நீளக் கம்பை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தார்.

"இப்ப ஒங்க கையில இருக்கிறதுதான் முந்நூத்தி எழுபத்தஞ்சு. எல்லாத்துக்கும் அது போதும். நடங்க."

தனுஷ்கோடி நடந்தான். பின்னால் காலடிச் சத்தம் கேட்பது போலத்தான் இருந்தது. இருபது எட்டு போனபிறகு சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தான். வாத்தியாரைக் காணோம்.

"வாத்தியாரே?"

இடது பக்கம் இலை அசைந்தது. தனுஷ்கோடி சட்டென்று திரும்பினான். கம்பும் கூடவே திரும்பியது. கிளையை விலக்கிக்கொண்டு காமுத்தாயின் செவலைக் கன்றுக்குட்டி மூக்கை நீட்டியது.

"அட, கன்னுக்குட்டி!" என்று சிரித்தான் அவன்.

வலது பக்கம் ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வாத்தியார் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"கன்னுக்குட்டின்னு எப்பச் சொன்னீங்க?"

"பாத்ததும் சொன்னேன்."

"கம்பு எப்பத் திரும்புச்சு?"

தனுஷ்கோடி கம்பைப் பார்த்தான். கன்றுக்குட்டியைப் பார்த்தான்.

"உக்காருங்க" என்றார் வாத்தியார்.

இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொட்டிலிலிருந்து செம்பில் பால் விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது. வாத்தியார் ஒரு சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டே பேசினார்.

"நானும் மச்சானும் ரெண்டு துப்பாக்கிய வச்சுக்கிட்டு பதினோரு வருசம் திரிஞ்சோம். மச்சான் எப்பவும் பின்னாடி. அவரு மூச்சுக் காத்து என் கழுத்துல படும். ஒரே பீடி நாத்தம். எல ஆடுனா போதும், 'என்னது மாப்ள'ம்பாரு. நான் பேரச் சொல்லணும். சொன்னாத்தான எதைக் குடுக்கிறதுன்னு அவருக்குத் தெரியும்."

"நாங்களும் அப்படித்தான்" என்றான் தனுஷ்கோடி.

"நான் பேரச் சொல்லி, அவரு குடுத்து, நான் வாங்கித் தூக்குறதுக்குள்ள பாதி மிருகம் போயிரும். கையில பெரிசு இருக்கிறப்ப மான் வரும். சின்னது இருக்கிறப்ப காட்டுமாடு வரும். மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பாரு. 'போகுது விடு மாப்ள, அதுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல'ம்பாரு. எனக்கு அப்படியே எரியும்."

"ஆமா. கடுப்பாத்தான் இருக்கும்."

"ஒரு தடவ ஒரு மிளா. கொம்பு இவ்வளவு. அந்த மாதிரி ஒண்ண அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. கை மாறுற நேரத்துல போயிருச்சு. அன்னைக்கு மச்சான் சிரிச்ச சிரிப்புல நான் ரெண்டு நாள் அவருகிட்டப் பேசல. அதுக்கப்புறந்தான் ஒரே தோட்டா வேணும்னு நாயா அலைஞ்சேன். நீங்க பரமன் கண்ணுக்காகக் கேக்குறீங்கண்ணே. நான் அப்படியில்ல. எனக்கு ஒண்ணும் தப்பக்கூடாது, அவ்வளவுதான்."

சருகு தூள்தூளாகக் கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தார்.

"அந்தத் தோட்டா வந்த நாள்லருந்து ஒண்ணும் தப்பல. பாத்ததெல்லாம் விழுந்துச்சு. என்னைய வாத்தியாரு வாத்தியாருன்னு கூப்பிட ஆரம்பிச்சது அப்பத்தான்."

"அது எனக்குத் தெரியாது."

"மச்சானுக்குத்தான் செய்யிறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு. வெறுங்கையோட என் பின்னாடி வாரதுக்கு அவருக்கே கூச்சம். ஒரு நாள் அவரே சொன்னாரு, 'நான் சும்மா எதுக்கு வாரேன், முன்னாடி போயி மேட்டுலருந்து மிருகத்தக் கலைச்சு விடுறேன் மாப்ள'ன்னு. நல்லதாப் போச்சுன்னு நெனைச்சேன். பீடி நாத்தம் இல்லாம நிம்மதியா நடக்கலாம்னு நெனைச்சேன்ணே. சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்."

தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் இந்த அளவுக்குப் பேசி அவன் கேட்டதே இல்லை. பேசவிட்டிருக்கக் கூடாதோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவனுக்கும் அவன் வலி இருந்தது. அதை விட முடியவில்லை.

"நீங்க சொல்றது புரியுது வாத்தியாரே. ஆனா ரெண்டு துப்பாக்கி வச்சிருந்ததாலதான பரமன் கண்ணு போச்சு?"

"ஆமா."

"அன்னைக்கு என் கையில சரியானது இருந்திருந்தா?"

"கண்ணு இருந்திருக்கும்."

"இல்லைன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"எப்படிச் சொல்ல முடியும்? உள்ளது அதுதான்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

வாத்தியார் வேறொன்று கேட்டார்.

"பரமன் ஒங்களத் திட்டுறானா?"

"திட்டாம? பொழுது விடிஞ்சா ஆரம்பிக்கிறான். 'ஒன்னைய நம்பி வந்தேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்'ங்கிறான். கஞ்சி குடுக்கப் போனா கிண்ணத்தத் தட்டி விடுறான். அவன் அக்கா அழுவுறா. எனக்குச் செத்துப்போயிரலாம் போல இருக்கு."

"குடுத்து வச்சவருண்ணே நீங்க. ஒங்களத் திட்ட ஆளு இருக்கு."

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது. வாத்தியார் கிண்டல் செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தான். இல்லை. அந்த முகத்தில் கிண்டல் இல்லை. பொறாமைதான் இருந்தது.

தூரத்தில் எஸ்டேட் மணி அடித்தது. ஜீப் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம். தனுஷ்கோடி எழுந்து வேட்டியைத் தட்டினான். தாளை மடித்துப் பையில் வைத்தான். கிழிக்கவில்லை, அடித்துத் திருத்தவும் இல்லை. ஒரு மனுஷன் இரண்டு மாதமாகத் தவித்துத் தேடிய பதிலை ஒரு கம்பையும் கன்றுக்குட்டியையும் பார்த்துவிட்டா தூக்கிப் போடுவான்?

"வாத்தியாரே, நான் சூதானமா இருந்துக்கிறேன்."

"எப்படி?"

"ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துத்தான் சுடுவேன். என்னன்னு தெரியாம வெரல் வைக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதச் சொல்றேன். அன்னைக்குப் பனி. கண்ணு ஏமாந்துபோச்சு, மச்சான மிளான்னு நெனைச்சுட்டீங்க. பாவம், நீங்க என்ன செய்வீங்க. பனின்னா நான் துப்பாக்கியவே எடுக்க மாட்டேன். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், ஒண்ண இன்னொண்ணுன்னு நெனைக்க மாட்டேன். அதனால எனக்கு அப்படி வராது."

சொல்லிவிட்டுக் கும்பிட்டான். இரண்டு எட்டு வைத்தான்.

"அண்ணே."

வாத்தியாரும் எழுந்திருந்தார். அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குப் பனி இல்லண்ணே."

"என்ன சொல்றீங்க?"

"காலையில இருந்துச்சு. பத்து மணிக்கெல்லாம் வெலகிருச்சு. மச்சான் மேட்டுல ஏறுனப்ப நல்ல வெயிலு."

தனுஷ்கோடிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

"வெயில்லயா? அப்புறம் எப்படி வாத்தியாரே மிளான்னு தெரிஞ்சது ஒங்களுக்கு?"

"தெரியல."

"பின்ன பன்னின்னு நெனைச்சீங்களா?"

"இல்ல."

"மிளான்னுதான கோர்ட்டுல சொன்னீங்க? அக்கா தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணுனேன்."

தனுஷ்கோடி கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தான். காமுத்தாய் முதுகு தெரிந்தது. அவள் மாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே பால் கறந்துகொண்டிருந்தாள். இருபது எட்டு தூரம்கூட இல்லை.

"அக்கா இருக்காங்க வாத்தியாரே, மெதுவாப் பேசுங்க" என்று கெஞ்சினான். "அப்ப நீங்க என்னன்னுதான் நெனைச்சீங்க?"

வாத்தியார் குரலைக் குறைக்கவில்லை.

"ஒண்ணும் நெனைக்கலண்ணே. எல ஆடுச்சு, சுட்டேன்."